கூடாரம் கடைசியில்: பொடக்காலியிலிருந்து பறவைப் படம்

பறவைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது நீள லென்ஸ். அடுத்து வாங்குவது இலை அச்சடித்த கூடாரம். இரண்டையும் கொண்டுபோய்ப் பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், நட்டு, உள்ளே உட்கார்ந்து வேர்த்து வடிந்து, நாலாம் நாள் மடித்து அட்டாலிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பறவை வராமல் இல்லை. வந்தது, கூடாரத்துக்குப் பின்னால் இருக்கிற முருங்கையில் உட்கார்ந்தது, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது, வாலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

மறைவிடம் இந்த வேலையில் கடைசிப் படி. தண்ணீர் எங்கே, கொம்பு எங்கே, கொம்புக்குப் பின்னால் என்ன தெரிகிறது, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்ற ஐந்தும் முடிவானால் ஆள் உட்காரும் இடம் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அந்த இடத்தில் பழைய சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாலும் படம் வரும். தப்பான இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கூடாரம் போட்டாலும் வராது.

காற்றிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நம் கொங்குப் பக்கத்தில் அதை விட்டுவிட்டுத் திட்டம் போட முடியாது. பாலக்காட்டுக் கணவாய் மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வைகாசிக் கடைசியில் அதன் வழியே புகுகிற மேல்காற்று ஆவணி வரை ஓயாது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் இதை நம்பி நிற்பவைதான். பறவையும் இந்தக் காற்றைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். காற்றை எதிர்த்து இறங்கும், காற்றை எதிர்த்தே உட்காரும். முதுகுப் பக்கம் காற்றடித்தால் இறகுக்குள் காற்றுப் புகுந்து கலைந்துவிடும் என்பதால் உடனே திரும்பிக்கொள்ளும்.

இதை வெயிலோடு சேர்த்துப் பாருங்கள். காலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டுமென்றால் நீங்கள் தண்ணீர்க் கிண்ணத்துக்குக் கிழக்கே உட்கார்ந்து மேற்கே பார்க்க வேண்டும். ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. பறவையும் மேற்கேதான் பார்க்கும். ஆக, நல்ல வெளிச்சத்தில், நல்ல தூரத்தில், முதுகும் வாலும்தான் படமாகும். அதே ஆடி மாத மாலையில் கிண்ணத்துக்கு மேற்கே உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் வெயில் முதுகில், பறவை முகத்துக்கு நேர். கார்த்திகை, மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது கணக்கு அப்படியே புரண்டுவிடும்: காலையில் கிழக்கே உட்காருகிறவருக்குத்தான் முகம். எனவே ஒரு கிண்ணத்துக்கு இரண்டு மறைவிடங்கள்: ஆனி முதல் ஆவணி வரை மேற்குப் பக்கம், மாலை வேலை, ஐப்பசி முதல் மாசி வரை கிழக்குப் பக்கம், காலை வேலை. இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கிழக்குப் பக்கத்தை எடுங்கள். வலசை வரும் பறவைகள் எல்லாம் அந்த மாதங்களில்தான் இருக்கும்.

சூரியன் உதிக்கும் இடமும் நகரும். கோவை 11 பாகை அட்சத்தில் இருக்கிறது. மார்கழி முதல் வாரத்தை ஒட்டிச் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை தெற்கே தள்ளியும், ஆனியில் அதே அளவு வடக்கே தள்ளியும் உதிக்கும். இரண்டுக்கும் இடையில் 48 பாகை. தை மாதத்தில் அளந்து நட்ட மறைவிடம் சித்திரையில் ஒரு பக்கம் நிழல் விழுகிறது என்றால் காரணம் இதுதான். கம்பை ஆழமாகக் கான்கிரீட் போட்டு நடாதீர்கள். இரண்டு எட்டு நகர்த்த வழி இருக்கட்டும்.

இனித் தண்ணீர். மழை மறைவுப் பகுதியில் வாழ்கிறோம். மாசிக்குப் பிறகு வாய்க்கால் காய்ந்த ஊரில் தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் பறவை அதிகம் வரும். தானியம் போட்டால் புறாவும் மயிலும் வரும். தண்ணீர் வைத்தால் சின்னான், தவிட்டுக்குருவி, வண்ணாத்திக்குருவி, கருந்தலை மைனா, மாங்குயில், வல்லூறு என்று எல்லாமே வரும். கிண்ணம் ஒன்றரை அடி அகலமும், ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர், நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ளதாக இருக்கட்டும். அதைவிட ஆழமானால் சின்னப் பறவை குடித்துவிட்டுப் போய்விடும், குளிக்காது. பீங்கானும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். சொரசொரப்பான மண் தாம்பாளமோ சிமெண்ட் தொட்டியோ நல்லது. மூலையில் கிடக்கிற பழைய ஆட்டாங்கல் எல்லாவற்றையும்விட அழகு. அதன் குழி ஆழம் அதிகம் என்பதால் ஜல்லியைக் கழுவிப் போட்டு மேலே 4 சென்டிமீட்டர் மட்டும் தண்ணீர் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். மயில் வரும் ஊராக இருந்தால் கனமான தொட்டிதான் நிலைக்கும். நாலைந்து கிலோ எடையுள்ள பறவை விளிம்பில் ஏறினால் மண் தாம்பாளம் கவிழ்ந்துவிடும்.

நின்ற தண்ணீரைப் பறவை கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுகிற தண்ணீரைக் காதாலும் கண்டுபிடிக்கும். இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சொட்டுநீர்ப் பாசன டிரிப்பர், ஏனென்றால் எந்தத் தோட்டத்துச் சாளையிலும் பத்து இருபது உதிரியாகக் கிடக்கும். அது சரிப்படாது. மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருப்பது ஒரு கிலோ அழுத்தத்தில், அதாவது 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தில். கிண்ணத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே தொங்கும் கேனில் மாட்டினால் மணிக்கு ஒன்றரை லிட்டர் போலத்தான் வரும். அதுவே கூடுதல். விநாடிக்கு எட்டுச் சொட்டு என்பது கண்ணுக்கு நூல்போல ஒழுகுமே தவிரச் சொட்டாக விழாது, 'டொப்' என்ற சத்தமும் வராது.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். உருளையைத் திருகி விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் மணிக்கு 180 மில்லிலிட்டர். 5 லிட்டர் கேன் ஒரு நாள் முழுக்க வந்து கிட்டத்தட்ட நாலு மணி நேரம் மிஞ்சும். கேனின் அடியில் துளை போட்டுக் குழாயை நுழைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். மூடியில் ஊசித் துளை ஒன்று போட மறக்கக் கூடாது. காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் பத்து நிமிடத்தில் சொட்டு நின்றுவிடும். குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்திலேயே கைவிடுகிறார்கள். சொட்டு ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்தால்தான் சத்தம் கேட்கும். போர்த்தண்ணீர் என்றால் உப்புப் படிந்து பதினைந்து நாளில் குழாய் நிஜமாகவே அடைக்கும். குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த ஆற்றுத் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ ஊற்றுங்கள். கிண்ணத்து விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிற உப்பு படத்தில் அசிங்கமாகத் தெரியும். புளியை வைத்துத் தேய்த்தால் போய்விடும். சோப்புப் போடாதீர்கள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி மாற்றியே ஆக வேண்டும். கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம் போதும். டெங்கு வரும் ஊரில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று காரணம் சொல்ல முடியாது. இன்னொரு தொல்லை காக்கை. எங்கேயோ பொறுக்கின எலும்பையும் காய்ந்த ரொட்டியையும் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊறப்போட்டுவிட்டுப் போகும். காக்கை வருகிற வீட்டில் தினமும் கழுவ வேண்டியிருக்கும்.

கிண்ணத்தில் இறங்காத பறவைகளும் உண்டு. தேன்சிட்டும் தையல்சிட்டும் ஈர இலையில் உரசித்தான் குளிக்கும். செம்பருத்தி, வாழை, கொய்யா இலைகளில் சாயங்காலம் நாலரை மணிக்குத் தெளிப்பானால் நன்றாகத் தண்ணீர் அடித்துவிட்டுப் போய் உட்காருங்கள். இலையின் நடு நரம்பில் தண்ணீர் தேங்கும் அளவுக்கு அடிக்க வேண்டும்.

கிண்ணத்துக்குப் பூனை பதுங்க முடியாத தூரம் வேண்டும், வல்லூறு வந்தால் பறவை பாய்ந்து ஒளிய முடிகிற தூரமும் வேண்டும். தரையில் சுற்றிலும் 2 மீட்டர் புதர் இல்லாத வெட்டவெளி, 3 மீட்டருக்குள் ஒரு மரமோ உயரமான வேலியோ. இந்த இரண்டில் ஒன்று தப்பினாலும் பறவை வராது, அல்லது வந்து செத்துப்போகும்.

அடுத்தது கொம்பு. நல்ல படங்களில் முக்கால்வாசி கிண்ணத்தில் எடுத்தவை அல்ல; பறவை இறங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்க்கிற அந்த அரை நிமிடத்தில் எடுத்தவை. அந்த அரை நிமிடத்துக்கு நீங்கள் ஒரு கொம்பு கொடுக்காவிட்டால் அது பக்கத்து மின்கம்பியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும். கிண்ணத்திலிருந்து ஓர் அடி தள்ளி, ஓர் அடி உயரத்தில், இரண்டடி நீளத்துக்கு மட்டும் ஒரு கொம்பை வையுங்கள். ஆறடிக் கொம்பு வைத்தால் பறவை எங்கே உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டடி என்றால் எங்கே உட்கார்ந்தாலும் படச் சட்டத்துக்குள்தான். கொம்பு உங்களுக்குக் குறுக்காக, லென்ஸுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உங்களை நோக்கி நீண்டிருந்தால் பறவை நாலு விரல்கடை நகர்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். மட்டம் வைத்ததுபோல் நேராக வைக்காமல் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்தால் இயல்பாக இருக்கும்.

தடிமன் முக்கியம். தேன்சிட்டுக்குச் சுண்டுவிரல், சின்னானுக்குக் கட்டைவிரல், மரங்கொத்திக்கு மணிக்கட்டு. முருங்கைக் கொம்பு பட்டென்று முறியும், வேண்டாம். இலந்தை, வெள்வேல், வேம்பு மூன்றும் நன்றாக நிற்கும். என்னைக் கேட்டால் கிளுவைக்கு ஈடில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் நிலங்களுக்கு, வேலியாக நிற்பது அதுதான். போத்தை வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். கோடையில் மொட்டையாக, முறுக்கிய விரல்கள்போல் நிற்கிற கொம்பு மழை விழுந்ததும் தளிர்த்து வேறொரு படமாகிவிடும். ஒரே போத்தில் வருஷத்துக்கு இரண்டு வகைப் படம். வெட்டிவைத்த கொம்புகளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எச்சம் காய்ந்து வெள்ளையடித்தது போலாகிவிடும் என்பது ஒன்று, எல்லாப் படமும் ஒரே கொம்பில் இருந்தால் பார்க்கிறவருக்கு அலுத்துவிடும் என்பது இன்னொன்று.

கொம்புக்குப் பின்னால் தெரிவது குறைந்தது 5 மீட்டர் தள்ளியிருக்கட்டும். ஹாலோ பிளாக் சுவர், நீல டிரம், காயப்போட்ட துணி, சிமெண்ட் ஷீட் இவை மங்கலாகத் தெரிந்தாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். தென்னந்தோப்பு நல்ல பின்னணி என்று நினைப்போம். ஓலைகளுக்கு இடையில் தெரிகிற வானம் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகளாகி பறவையின் தலைக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அடர்ந்த செம்பருத்தி வரிசை, மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டுக் காடு, வேலிக் கிளுவை, இவை போதும். வெயில் படாத பின்னணிக்கு முன்னால் வெயில் படும் கொம்பு இருந்தால் பறவை தனியாக எழுந்து நிற்கும்.

தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், கண்ணளவில் வேண்டாம். கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் சட்டத்தில் எத்தனை அகலம் அடங்கும் என்று வரும். ஏபிஎஸ்-சி என்ற அளவிலான சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. 500 மி.மீ. லென்ஸை வைத்து 4 மீட்டரில் உட்கார்ந்தால் சட்டம் 19 சென்டிமீட்டர்தான். சின்னானின் நீளமே 20. 'கிட்டப் போனால் நல்லது' என்று கிட்டப் போய் வாலை வெட்டுகிற தப்பு இங்கேதான் நடக்கிறது. பறவையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை சட்டம் இருக்கட்டும்: சின்னானுக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர். 500 மி.மீ. என்றால் ஆறரை மீட்டரில் உட்காருங்கள், 300 மி.மீ. என்றால் 4 மீட்டரில். 10 சென்டிமீட்டர் தேன்சிட்டுக்கு 300 மி.மீ. லென்ஸ் இரண்டரை மீட்டருக்கு வர வேண்டும். லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பிடிக்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்: நிக்கான் 200-500க்கு 2.2 மீட்டர், சோனி 200-600க்கு 2.4, சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 2.8.

தள்ளி உட்காருவதில் இன்னொரு லாபம். 500 மி.மீ., 4 மீட்டர், லென்ஸின் திறப்பு எஃப் 5.6 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் கூட இல்லை. கண் தெளிந்தால் தோள் மங்கும். ஆறரை மீட்டருக்குப் போனால் அதே எஃப் 5.6இல் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் கிடைக்கும். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்கு போதும். குளிக்கிற பறவையின் தெறிக்கும் துளிகள் உறைய வேண்டுமென்றால் 1600இல் ஒரு பங்கு.

இப்போதுதான் கூடாரம்.

நாலடிக்கு நாலடி, உயரம் ஐந்தடி. நாலு சவுக்குக் கம்பு, ஒன்றரை அடி மண்ணுக்குள், கட்டுக்கம்பி, மேலே முடைந்த தென்னங்கீத்து. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டால் பங்குனியில் எட்டரை மணிக்கே உள்ளே உட்கார முடியாது. கீத்துக்கடியில் பத்து மணி வரை தாக்குப்பிடிக்கலாம். பச்சை நிழல்வலையை மட்டும் சுற்றுகிறவர்கள் இரண்டு தொல்லையை விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஒன்று, ஆடிக் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். அசையாத எதையும் பறவை ஏற்றுக்கொள்ளும், திடீரென்று அசைவதை ஏற்காது. அடியில் மூங்கில் பட்டையைக் கோத்து இழுத்துக் கட்டாமல் வலையை விடக் கூடாது. இரண்டு, பச்சை வலை பறவைக்குப் பக்கத்திலோ மேலேயோ இருந்தால் அதன் வழியே வரும் வெளிச்சம் பறவையின் வெள்ளை வயிற்றைப் பச்சையாக்கிவிடும். கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையை எடுத்தால் பின்னணி இலைகள் செத்த நிறமாகும். கிண்ணத்துக்கு நிழல் வேண்டுமென்றால் வெள்ளை அல்லது கறுப்பு வலை போடுங்கள்.

பறவை உங்களைப் பார்ப்பது முன்பக்கத் துளை வழியாக அல்ல. உங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால், எவ்வளவு அடர்த்தியான வலையிலும் நீங்கள் அசைகிற உருவமாகத் தெரிவீர்கள். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பின்சுவரும் பக்கச் சுவர்களும் வெளிச்சம் விடாதவையாக இருக்க வேண்டும். இதற்குத் திருப்பூர் பனியன் துணியை மிஞ்ச எதுவும் கிடையாது. கிலோக் கணக்கில் கிடைக்கும் கறுப்பு, கருநீலத் துணியை வாங்கி உட்புறம் முழுக்கத் தொங்கவிடுங்கள். காற்றுக்கு அடித்துக்கொள்ளாது, சரசரக்காது, வேர்வையும் துடைக்கலாம். வட்டப் பின்னல் மிஷினில் துணி குழாயாகத்தான் இறங்கும். வெட்டாத ரிப் துணிக் குழாய் ஓரடி நீளம் கிடைத்தால் லென்ஸ் துளைக்குக் கைச்சட்டை தைத்த மாதிரிதான். ஒரு முனையைத் துளையைச் சுற்றி ஆணியடித்துவிட்டு மறு முனையில் லென்ஸை நுழைத்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும், நாலு பக்கமும் திருப்பலாம், ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வராது.

லென்ஸ் துளையின் உயரத்தைக் கிண்ணத்தின் உயரம் முடிவு செய்கிறது. கட்டையான முக்காலியில் உட்கார்ந்தால் லென்ஸ் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் போல வரும். கிண்ணத்தின் விளிம்பும் அதே உயரத்தில் ஒரு கல்லின் மேல் இருக்கட்டும். மேலிருந்து கீழே பார்த்து எடுத்த குருவிப் படம் தொட்டியில் விழுந்த பொருளைப் பார்த்தது போலவே இருக்கும். பிளாஸ்டிக் சேர் கிறீச்சிடும், கயிற்றுக்கட்டிலும் கிறீச்சிடும். முக்காலிதான் ஊமை.

தினமும் உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு தடியால் துணிகளைத் தட்டிவிட்டு, மூலைகளில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். இருட்டான, குளிர்ந்த, எலி வருகிற இடம் கண்ணாடிவிரியனுக்கும் பிடித்த இடம்தான். சோளத்தட்டைப் போர் போல அடுக்கி மறைவிடம் கட்டுவதை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைக்க மாட்டேன். தானியம் அடைத்த பைமேல் லென்ஸை வைக்கிறவர்கள் பையை வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள். விட்டுவைத்தால் எலிக்கு அழைப்பு.

1900 வாக்கில் இங்கிலாந்தில் கெர்ட்டன் சகோதரர்கள் உள்ளே காலியாக விட்ட ஒரு மாட்டு உருவத்துக்குள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் யோசனை சரியானது. மாட்டின் காலடியில் மைனாவும் கரிச்சானும் மேய்வதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். மாட்டுக் கொட்டகை ஜன்னலோ தண்ணீர் மோட்டார் ரூம் ஜன்னலோ உங்களிடம் இருந்தால் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். பறவைகள் அந்தச் சுவரை வருஷக்கணக்கில் பார்த்துப் பழகியவை. கண்ணாடியை மட்டும் கழற்றிவிடுங்கள்.

கட்டியதும் உள்ளே போகாதீர்கள். முதலில் கம்பு மட்டும் இரண்டு நாள். பிறகு கூரை. பிறகு சுவர். அதன்பின் ஒரு வாரம் காலியாக விடுங்கள். அந்த வாரம் முழுக்கத் துளையில் 110 மி.மீ. பிவிசி பைப் துண்டு ஒன்றைக் கறுப்படித்துச் செருகி வையுங்கள். லென்ஸ் ஹூட் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். நீங்கள் எழுந்து போகும்போதெல்லாம் பைப் மறுபடி துளைக்குப் போக வேண்டும். சில நாள் வட்டமான கறுப்புக் கண் இருக்கிறது, சில நாள் இல்லை என்றால் பறவை அந்தக் கண்ணை நம்பாது. முதலில் தைரியமாக வருவது வண்ணாத்திக்குருவியும் சின்னானும். தவிட்டுக்குருவிக் கூட்டம்தான் காவல். ஏழெட்டும் சேர்ந்து கத்தத் தொடங்கினால் அன்றைக்கு எல்லாம் கலைந்துவிடும். அவை உங்களைச் சட்டை பண்ணாமல் கிண்ணத்தில் முண்டியடித்துக் குளிக்கும் நாளில் மறைவிடம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

விடியும்முன் உள்ளே போய்விடுவது நல்லது. முடியாவிட்டால் இன்னொருவரோடு சேர்ந்து போய், அவரை மட்டும் திரும்பிப் போகச் சொல்லுங்கள். ஆள் போய்விட்டார் என்று பெரும்பாலான பறவைகள் நம்பிவிடும். காக்கையை ஏமாற்றுவது மட்டும் கஷ்டம்.

பக்கத்து வீட்டுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கறுப்புக் குழாய் வேலி வழியாக நீட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் சங்கடம்தான். "அந்தப் பக்கம் தொவைக்கிற கல்லு இருக்குதுங், கொஞ்சம் திருப்பி வெச்சுக்குங்க" என்று அவர்கள் சொல்ல நேரும்முன் நீங்களே திருப்பி வைத்துவிடுவது மரியாதை.

வெளிச்சத்தைப் பற்றி இரண்டு சொல். ஊதாத் தேன்சிட்டு ஆணின் நீலம் சாயத்தால் வந்ததல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. தாழ்ந்த வெயில் உங்கள் முதுகிலிருந்து போய் அதன்மேல் பட்டால் நீலமும் ஊதாவும் பற்றி எரியும்; உச்சி வெயிலில் அதே குருவி கரித்துண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் அந்த உடையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் வயிறும் தொண்டையில் ஒரு கறுப்புக் கோடுமாகத் திரியும். அதைப் பெண் என்று பெயர்போட்டுப் படம் வெளியிடுகிறவர்கள் நிறைய. வண்ணாத்திக்குருவியில் கறுப்பையும் வெள்ளையையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. வெள்ளை எரிந்தால் மீட்க வழியில்லை, எனவே வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டுக் கறுப்பைப் பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.

தீனி போட்டே ஆக வேண்டும் என்றால் பப்பாளி, கொய்யா, வாழைப்பழம். கொம்பின் பின்பக்கம், லென்ஸுக்குத் தெரியாதபடி குழி தோண்டி அதில் அப்பிவைத்தால் குக்குறுவான் வரும், வால்காக்கை வரும், படத்தில் பழம் தெரியாது. உப்புப் போட்ட சோறு, முறுக்கு, பிஸ்கட் வேண்டாம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது என் பார்வையில் சோம்பேறித்தனம். தன் எல்லையில் வேறொன்று புகுந்துவிட்டது என்று அது தீனியை விட்டுவிட்டு அலையும்.

கூட்டைப் படமெடுக்காதீர்கள். மறைக்கிற இலையை விலக்கிவிட்டு எடுத்த கூட்டைக் காக்கையும் வால்காக்கையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது வேட்டை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகிறது. வீட்டுக் கொல்லை என்பதற்காக அது மாறாது.

ஐப்பசி மழையோடு வருகிற வலசைப் பறவைகளுக்குக் கிண்ணமும் கொம்பும் போதாது. அரசவால் ஈப்பிடிப்பான் குளிக்க வரும், சரி. தோட்டக்கள்ளன், நம் ஊரில் ஆறுமணிக்குருவி, சருகைப் புரட்டிப் புழு தின்கிற பறவை. செந்தலைப் பூங்குருவியும் அப்படித்தான். இவற்றுக்குத் தேவை கூட்டாத மண். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை, ஏனென்றால் கொங்கு வீட்டில் விடிந்தால் சீமாறு எடுக்காத கை கிடையாது. மாமரத்தடியில் ஆறடிக்கு ஆறடி மட்டும் நாலு கல் வைத்து எல்லை போட்டு, புரட்டாசியிலிருந்து அங்கே சீமாறு படாது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சருகு மூன்று விரல்கடை கனம் சேரட்டும். இரண்டு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல் வைத்தால் அடியில் மண்புழுவும் பூச்சியும் வரும்.

இதற்கு மறைவிடத்தில் இன்னொரு துளை வேண்டும், தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில். பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துத்தான் எடுக்க வேண்டும். நிழலும் மாலை மங்கலும் சேர்ந்த நேரம், எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு 3200, விநாடியில் 125இல் ஒரு பங்கு என்றுதான் கிடைக்கும். ஆனால் ஆறுமணிக்குருவி ஓடிக்கொண்டே இருப்பதில்லை. நாலு தத்துத் தத்தி, நின்று, தலையைச் சாய்த்துக் கேட்கும். அந்த நிற்பில் மூன்று நான்கு படம். ஃபிளாஷ் வேண்டாம். ஆறு மணிக்கு அது இரண்டு குரலில் கத்தத் தொடங்கும்போது வெளிச்சம் தீர்ந்திருக்கும். கேமராவை அணைத்துவிட்டு, அது அடையப் போகும்வரை அப்படியே படுத்திருந்து, அப்புறம் பைப்பைத் துளையில் செருகிவிட்டு வெளியே வாருங்கள்.